பழைய காருக்கு வீட்டிலேயே புதுப் பெயின்ட்: துரு தேய்ப்பதிலிருந்து கடைசிப் பாலிஷ் வரை

சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில் காரின் பின்சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து, கதவுகளின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டிப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத நெளிவு, எப்போதோ யாரோ பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியின் (புட்டியின்) விளிம்பு, பெயின்டுக்கு அடியில் கொப்புளித்திருக்கும் துரு எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடுத்து, சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு பாடி முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிப்பு விடும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள் (அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் இந்தச் சோதனை செல்லாது). கொப்புளம் உள்ள இடங்களைத் திருப்புளியின் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகரம் போய்விட்டது.

வட்டமிட்ட இடங்களை எண்ணிவிட்டு உடனே முழுக் காரையும் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பாகம். அதுவும் பானெட் வேண்டாம். அகலமாக, மட்டமாக, கண்ணுக்கு நேராக இருக்கும் பானெட்டில் செய்த தப்பு தினமும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். போல்ட்டில் நிற்கும் முன் ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) ஒன்றைக் கழற்றி, துரு தேய்ப்பதில் தொடங்கிப் பாலிஷ் வரை அதில் மட்டும் செய்து முடியுங்கள். கெட்டால் வேறொன்று வாங்கி மாட்டலாம். முழுக் கார் உங்களால் முடியுமா என்ற கேள்விக்கும் அந்த ஃபெண்டரே பதில் சொல்லிவிடும்.

சேஸிஸ், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றில் துரு ஓட்டை விழுந்திருந்தால் அது பெயின்ட் வேலை இல்லை. விபத்தில் உயிரைக் காப்பவை அவை. கைதேர்ந்த வெல்டரிடம் விட்டுவிடுங்கள்.

இருக்கும் பெயின்ட் என்ன வகை?

தின்னர் நனைத்த வெள்ளைத் துணியைக் கண்ணில் படாத ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் பழைய செல்லுலோஸ் அல்லது லாக்கர் வகை. அதன் மேல் காரமான தின்னர் கலந்த புதுப் பெயின்டை நேராக அடித்தால் அடியில் உள்ளது ஊறிச் சுருங்கித் தூக்கிவிடும். முழுக்க உரித்துவிட்டுத் தொடங்குவதே நிம்மதி. கரையாவிட்டால் பெரும்பாலும் சூட்டில் இறுகிய எனாமல் அல்லது ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த 2கே, அதாவது இரண்டு பாகமாக வந்து கலக்கும் பெயின்ட். அது உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் தேய்த்துவிட்டு அதன் மேலேயே வேலை செய்யலாம்.

இன்னொரு சோதனை: கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் (தேய்த்து மினுக்கும் பசை) தொட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் நிறமும் பளபளப்பும் ஒன்றாக உள்ள ஒற்றை அடுக்கு. நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) இருக்கிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, முதல் தடவை செய்பவர் மெட்டாலிக் பக்கம் போக வேண்டாம். அதில் உள்ள அலுமினியத் துகள்கள், கை வேகம் கொஞ்சம் மாறினாலும் வரிவரியாகப் படிந்து காட்டிக்கொடுக்கும். கறுப்பு இன்னும் மோசம். தகரத்தில் உள்ள ஒவ்வொரு அலையையும் கண்ணாடி போலக் காட்டும். வெள்ளை, வெளிர் நிறங்கள் நிறைய மன்னிக்கும். கார் விவரங்கள் பொறித்த ஒரு சின்னத் தகட்டில் அல்லது கதவின் உள்விளிம்பு ஸ்டிக்கரில் நிறத்தின் குறியீடு இருக்கும். ஆனால் பழைய காரின் நிறம் வெயிலில் வெளுத்திருக்கும் என்பதால் குறியீடு மட்டும் போதாது. பெட்ரோல் டாங்க் மூடியின் வெளிக் கதவைக் கழற்றி, பாலிஷ் போட்டு, பெயின்ட் கலப்பவரிடம் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

மூச்சு விஷயத்தில் பேரம் கிடையாது

2கே பெயின்ட், 2கே கிளியர் இவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் பெயின்ட் பனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சொற்ப அளவு பட்டாலே மூச்சுத் திணறும். வாசனையை நம்பவும் முடியாது. மூக்குக்குத் தெரிவதற்குள் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும். ஆகவே கரி ஃபில்டர் மாஸ்க் எப்போது தீர்ந்துபோனது என்பதை உங்களால் கண்டுபிடிக்க இயலாது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க்தான் இதற்கு உரியது. கண்ணையும் தோலையும் முழுக்க மூடுங்கள். தெளித்து முடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பனி அறையில் நெடுநேரம் நிற்கும். அடித்து முடித்தாயிற்று என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று அழகு பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

அந்த மாஸ்க் இல்லையா? அப்படியானால் துரு, டென்ட் (நசுங்கல்), பட்டி, தேய்ப்பு எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட்டு, 2கே அடிக்கும் அந்த ஒரு நாளை மட்டும் பெயின்ட் அடிக்கும் பூத் (தனி அறை) வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். நான் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மொத்த உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மிகப் பழைய கார்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் அணியுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் எரியும் அடுப்பிலோ ஸ்விட்ச் பொறியிலோ பற்றிக்கொள்ளும். சாதாரண மின்விசிறியை அந்த ஆவிக்கு நடுவே ஓடவிடாதீர்கள்.

கழற்றுதல், கழுவுதல்

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு விளக்கு, கைப்பிடி, பீடிங், எம்பளம் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். டேப் சுற்றி மறைத்த கைப்பிடியின் ஓரத்தில்தான் பிறகு பெயின்ட் உரிய ஆரம்பிக்கும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. ஸ்க்ரூக்களுக்குத் தனித்தனி கவர். கவர் மேல் பெயர். மூன்று மாதம் கழித்து எந்த ஸ்க்ரூ எங்கே என்று நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள்.

உப்புத்தாளைத் தொடும் முன் காரைச் சோப்பு நீரில் கழுவி, பிறகு மெழுகும் எண்ணெயும் நீக்கும் கிளீனரால் துடைக்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. பழைய பாலிஷில் உள்ள சிலிக்கானைத் துடைக்காமல் தேய்த்தால், அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பெயின்ட் அடிக்கும் அன்று மீன்கண் போன்ற குழிகளாக வெளிப்படும். ஒரு கையில் நனைத்த துணி, மறுகையில் உலர்ந்த துணி. கிளீனர் தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே திரும்பப் படிந்துவிடும்.

துருவும் தகரமும்

மேலோட்டமான துருவைக் கிரைண்டரில் மாட்டும் ஸ்ட்ரிப் டிஸ்க்காலோ 80 எண் உப்புத்தாளாலோ (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) வெள்ளித் தகரம் தெரியும் வரை எடுங்கள். புள்ளிக் குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி உதவும். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. ஆனால் டப்பாவில் சொன்னபடி அமிலத்தை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். அமில மிச்சத்தின் மேல் எப்பாக்ஸி பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு) சரியாகப் பிடிக்காது.

ஓட்டை விழுந்த இடத்தில் வலையையும் ஃபைபரையும் வைத்துப் பட்டி பூசி மூடுவது சில மாதத்துக்கான வைத்தியம். பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி மறுபடி கொப்புளிக்கும். நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டு செய்வதுதான் வழி. கார் பாடித் தகரம் பொதுவாக 0.7 முதல் 1 மி.மீ. வரைதான். நீளமாக வெல்டு இழுத்தால் சூட்டில் வளைந்து போகும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்மூலையில் என்று தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

டென்ட் எடுக்கையில், இடி வாங்கிய வரிசைக்கு நேர்மாறாகப் போங்கள்: கடைசியாக மடங்கியது முதலில் நிமிர வேண்டும். அதாவது ஓரத்து மேடுகளை முதலில் தட்டி இறக்கினால் நடுப்பள்ளம் பாதி தானாகவே மேலே வரும். பின்னால் டோலியை (தகரத்துக்கு அண்டைகொடுக்கும் கனமான இரும்புத் துண்டை) பிடித்துக்கொண்டு, பலமாக ஓங்காமல் நிறையத் தட்டுகள். ஒரேயடியாக அடித்தால் தகரம் நீண்டு, அழுத்தினால் டப்பா மூடிபோல் ‘டொக்’ என்று உள்ளே போய் வரும். கடைசியில் ஓரிரு மி.மீ. பள்ளமாகவே இருக்கட்டும். பள்ளத்தைப் பட்டி நிரப்பும். மேட்டை எதுவும் மறைக்காது.

வெறும் தகரம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பேற ஆரம்பிக்கும். எவ்வளவு பகுதியை அன்றே பிரைமர் போட்டு மூட முடியுமோ அவ்வளவு மட்டும் அன்றைக்கு உரியுங்கள்.

பட்டி

வேலை நன்றாக வருமா வராதா என்பது இங்கேதான் முடிவாகிறது. பாலியெஸ்டர் பட்டிக்கு ஹார்டனர் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகமாகப் பிழிந்தால் ஊசித்துளைகள் விழும். அந்த ஹார்டனர் பிறகு மேலே ஏறி வெளிர் நிறப் பெயின்டில் கறையாகவும் தெரியலாம். குறைத்துப் போட்டால் பட்டி மெழுகுபோல் இறுகாமல் கிடக்கும். அட்டையில் வைத்துக் குழைக்காதீர்கள், அட்டை ரெசினை உறிஞ்சிவிடும். வழவழப்பான தகடு அல்லது கண்ணாடி நல்லது. சுழற்றிக் கலக்கினால் காற்றுக் குமிழ் சேரும். பிளேடால் மடித்து மடித்து அழுத்தி, நிறம் ஒரே சீராகும் வரை குழையுங்கள். அதன் பின் கையில் இருப்பது 3 முதல் 5 நிமிடம்தான். எனவே எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம்.

தகரத்தில் 80 எண் கீறல்கள் இருக்க வேண்டும், பட்டி பிடித்துக்கொள்வது அவற்றைத்தான். முதல் பூச்சு மெல்லிசாக, அந்தக் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்தது போல. அடுத்த பூச்சுதான் நிரப்புவதற்கு. பள்ளத்தின் எல்லையைத் தாண்டி அகலமாக இழுங்கள். எல்லாம் தேய்த்து முடித்தபின் 3 மி.மீ.க்கு மேல் பட்டி நின்றால் தகர வேலை போதவில்லை. திரும்பச் சுத்தியலை எடுங்கள்.

தேய்ப்பதற்கு வெறும் விரல்களால் தாளைப் பிடிக்கக் கூடாது. விரல் இடுக்குகளுக்கு ஏற்ப வாய்க்கால் விழுந்துவிடும். நீளமான கட்டையில் தாளைச் சுற்றி, குறுக்கு மறுக்காகச் சாய்த்துத் தேயுங்கள். 80இல் வடிவம் வர வேண்டும், 120 அல்லது 180இல் அந்தக் கீறல்கள் போக வேண்டும். பட்டி தண்ணீரைக் குடிக்கும், ஆகவே இங்கே வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தாள்) வேலை கிடையாது. சரியாக வந்ததா என்று கண்ணிடம் கேட்காதீர்கள். பட்டியும் தகரமும் வேறு வேறு நிறத்தில் இருப்பதால் கண் குழம்பும். உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய துணியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தகரத்தில் தொடங்கிப் பட்டியைக் கடந்து மறுபக்கத்து நல்ல தகரம் வரை கையை ஓட்டுங்கள். கை ஏதாவது சொன்னால் அது சரி. பழைய பெயின்டின் விளிம்பையும் 180, பிறகு 320 என்று தேய்த்துச் சரிவாக்க வேண்டும். தகரம், பிரைமர், நிறம் என்று ஒவ்வொரு அடுக்கும் வெட்டிய மரத்தின் வளையங்கள் போல அகலமாகத் தெரிந்தால் போதுமான சரிவு வந்துவிட்டது.

பிரைமரும் பொறுமையும்

வெறும் தகரத்துக்கு இரண்டு கோட் எப்பாக்ஸி பிரைமர். அது ஈரத்தைத் தகரத்துக்கு விடாது. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் பயன்படுத்துவதானால் அதன் மேல் பட்டி போடக் கூடாது. இதற்கு மேல், சிறு கீறல்களை நிரப்பும் தடிப்பான 2கே பிரைமர் இரண்டு அல்லது மூன்று கோட். ஸ்ப்ரே கன்னில் 1.7 அல்லது 1.8 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை).

காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயின்டைப் புகைபோல லேசாகத் தூவிவிட்டு, கட்டையில் 320, பிறகு 400 வைத்துத் தேயுங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். உடனே தகரம் எட்டிப்பார்த்தால் அது மேடு. கறுப்பு முழுக்கப் போகும் வரை திரும்பத் திரும்ப இதே வேலைதான். நிறம் அடிக்கும் முன் கடைசியாக 600, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் 800.

என் முதல் பானெட்டை அடித்து முடித்த அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. மூன்றாவது வாரம் வெயிலில் நிறுத்தியபோது பட்டி போட்ட இடத்தின் எல்லை வரைபடம் போலத் தெரிந்தது, கூடவே 80 எண் கீறல்களும். காரணம் அவசரம். பிரைமர் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருந்தது. உள்ளே தின்னர் இன்னும் இருந்தது. அதன் மேல் நிறமும் கிளியரும் போட்டு மூடிவிட்டேன். தின்னர் மெல்ல வெளியேற, பிரைமர் சுருங்கி, கீறலுக்குள் இறங்கிவிட்டது. அதிலிருந்து பிரைமரை டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் குறைந்தது ஒரு இரவாவது விடுகிறேன். நேரம் கூடுதலாகிவிட்டால் இன்னொரு முறை லேசாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மறைப்பதும் அடிப்பதும்

செய்தித்தாள் வேண்டாம். மையும் ஊறும், நூலும் உதிரும். மாஸ்கிங் பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் போதும். டேப்பின் எல்லை மட்டமான பரப்பின் நடுவில் வரக் கூடாது. கதவு இடுக்கிலோ பாடி மடிப்பிலோ முடியட்டும்.

ஷெட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, தரையைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். 20 முதல் 25 டிகிரி வரை வெப்பம் இருந்தால் நல்லது. மழை ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் சில வகைப் பெயின்டில் பால் படிந்தது போல வெளிறும். தின்னரிலும் வேகமாகக் காய்வது, மெதுவாகக் காய்வது என்று வகைகள் உண்டு; வெயில் நாளுக்கு மெதுவானது. கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயில் ஈரப்பிடிப்பான் கட்டாயம். வாங்கும்போது டாங்கின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான எச்விஎல்பி (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும்) கன்கள் நிமிடத்துக்கு 280 முதல் 400 லிட்டர் காற்று கேட்கும். கம்ப்ரசர் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்பதே முக்கியம். காற்று பாதியில் குறைந்தால் பெயின்ட் துளித்துளியாக விழும்.

நிறத்துக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில். கலவை விகிதம் ஒவ்வொரு பெயின்டுக்கும் மாறும். அதன் தொழில்நுட்பத் தாளில் உள்ளபடி அளவுக் கப்பில் ஊற்றுங்கள், கண்மதிப்பு உதவாது. காரில் அடிக்கும் முன் சுவரில் ஒட்டிய பேப்பரில் அடித்துப் பாருங்கள். பட்டை மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக நனைய வேண்டும்.

கன் பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, எப்போதும் செங்குத்தாக. மணிக்கட்டைச் சுழற்றினால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் வறட்சியாகவும் விழும். தோளும் உடம்பும் சேர்ந்து நகர வேண்டும். பாகம் தொடங்குவதற்கு முன்பே கை நகரத் தொடங்கி, விளிம்பில் டிரிகர், மறுவிளிம்பு தாண்டி விடுதல். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். முதலில் ஓரங்களை அடித்துவிட்டுப் பரப்புக்கு வாருங்கள்.

நிறம் முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்ற ஆசைதான் வழிசலுக்குக் காரணம். மெல்லிய இரண்டு மூன்று கோட். ஒவ்வொன்றும் பளபளப்பு போய் மங்கிய பிறகு, அதாவது 10, 15 நிமிடம் கழித்து, அடுத்தது. நடுவே தூசி ஒட்டும் துணியால் அழுத்தாமல் வருடுங்கள். கிளியரில் முதல் கோட் மிதமாக, அடுத்தது ஈரம் மினுங்கும் அளவுக்கு. அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டதா என்று காரைத் தொடாமல் பக்கத்து மாஸ்கிங் பேப்பரில் விரல் வைத்துப் பாருங்கள். ஒட்டினாலும் நூலாக இழுக்கக் கூடாது. கடைசிக் கோட் இறுகுவதற்குள் டேப்பைப் பின்னோக்கி மடித்து உரித்துவிட வேண்டும். கன்னை அப்போதே கழுவுங்கள். 2கே கன்னுக்குள் இறுகிவிட்டால் கன் போச்சு.

வழிந்துவிட்டால் விரலை வைக்காதீர்கள். பூச்சி வந்து உட்கார்ந்தாலும் அப்படியே விடுங்கள். இரண்டும் காய்ந்தபின் தேய்த்தால் போகும். ஈரத்தில் நோண்டினால் அரையடிக்குப் பள்ளம் விழும். மீன்கண் குழிகள் வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். மேலே மேலே அடித்து அதை மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடிதான்.

தேய்த்து மினுக்குதல்

பெரும்பாலான கிளியர்கள் ஒன்றிரண்டு நாளில் தேய்க்கப் பக்குவமாகும். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு இருந்தால் 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். வீட்டில் இரண்டு மூன்று கோட் அடித்த கிளியர் மொத்தமே 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் இன்னும் மெலிசு. அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையாலேயே லேசாக மினுக்குங்கள். பாலிஷிங் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் கிளியர் எரிந்துவிடும். மெழுகுக்கு அவசரமில்லை. குறைந்தது 30 நாளாவது மிச்சமுள்ள தின்னர் வெளியேற வழி விடுங்கள்.

இதற்குள் விளக்குகளையும் கைப்பிடிகளையும் மாட்ட உங்கள் கை பரபரக்கும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தகரம் இரண்டாக மடிந்து சேரும் இடங்களில் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை) ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். கதவு, சில், வீல் ஆர்ச் ஆகியவற்றின் உட்குழிகளுக்குள் நீண்ட குழாய் வைத்துக் கேவிட்டி மெழுகைத் தெளியுங்கள். பிறகு கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைத் தேடிப்பிடித்து, பட்டித் தூளோ பெயின்டோ மெழுகோ அடைத்திருந்தால் சின்னக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஊற்றினால் அது அந்தத் துளைகள் வழியாகக் கீழே சொட்ட வேண்டும்.